மூன்று நாள் காய்ச்சலும் பிள்ளையின் காதும்

விடியற்காலையில் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் நின்று பார்த்தால், கேரளத்து மலைக்கு வேலைக்குப் போகும் ஜீப்புகளை எண்ணி மாளாது. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். சில வண்டிகள் கம்பமெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் போகும், சில லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு. தூக்குவாளி மடியில், தோள் மேல் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஜீப்புக்கே காய்ச்சல்.

என் சித்தி மகள் அப்படிப் போய்வந்தவள்தான். மூத்த பையனுக்கு இரண்டரை வயதாகியும் "அம்மா" என்ற சொல் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி பையனைப் பற்றியதே அல்ல. "மாசமா இருந்தப்ப காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா? உடம்புல பொரிப்பொரியா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படியிறங்கும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆடி மாசம், முதல் எடுப்பு நேரம். முழுகாமல் இருக்கிறோம் என்றே அப்போது சரியாகத் தெரியாது. லேசான காய்ச்சல், கழுத்திலும் முகத்திலும் வேர்க்குரு மாதிரி சிவப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. மூன்று நாளில் போய்விட்டது. நான்காம் நாள் வேலைக்கும் போனாள்.

அந்தக் காய்ச்சல்தான் காரணமா என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதும் இந்தக் கட்டுரையில் வரும். முதலில், அம்மாவுக்கு வந்த ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

காது என்று நாம் பிடித்துத் திருகுவது வெளியே தெரியும் மடல் மட்டும்தான். கேட்கும் வேலை நடப்பது மண்டையோட்டுக்குள், பட்டாணி அளவே இருக்கும் ஒரு சுருளில். நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும். டாக்டர்கள் காக்ளியா என்பார்கள். அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. செவிப்பறையிலிருந்து வரும் அதிர்வில் இந்தச் செல்களின் நுனி அசைய, அந்த அசைவு மின்சாரமாகி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. இந்த மின்சாரத்துக்கு ஒரு பேட்டரி வேண்டுமல்லவா? நத்தைச் சுருளின் ஓரச் சுவரில் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. உள்ளே இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தை ஏற்றி ஏற்றி வைப்பது அதன் வேலை. அந்தப் பட்டைதான் பேட்டரி. அது பழுதானால் செல்கள் நன்றாக இருந்தாலும் காது கேட்காது. செல்கள் செத்துப்போனாலோ, மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

இந்தச் சுருள் சுற்றிக்கொண்டு உருவாவது கர்ப்பத்தின் இரண்டாம், மூன்றாம் மாதங்களில். அம்மாவின் ரத்தத்தில் வைரஸ் ஓடும்போது அது நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போனால், அப்போது எந்த உறுப்பு உருவாகிக்கொண்டிருக்கிறதோ அதில் கை வைக்கிறது. கட்டி முடித்த வீட்டில் மழை பெய்வது வேறு, ஈரம் காயாத சுவரில் பெய்வது வேறு. அதனால் அம்மாவுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி அடித்தது என்பதை விட, அது எத்தனையாவது வாரத்தில் வந்தது என்பதுதான் முக்கியம்.

இதில் பெயர் போன வைரஸ் ரூபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். ஜெர்மனிக்கும் இதற்கும் உள்ள உறவு, அந்நாட்டு மருத்துவர்கள் இதை முதலில் தனி நோயாக எழுதி வைத்தார்கள் என்பது மட்டுமே. நம் பக்கம் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. பொரி வந்தால் எல்லாமே 'அம்மை'. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'மணல்வாரி' என்பார்கள். மணல்வாரி என்பது தட்டம்மை. மலையாளத்தில் அதற்கு அஞ்சாம்பனி. அது கடுமையானது, பிள்ளையைப் படுக்கப் போட்டுவிடும். ரூபெல்லா அதன் சாதுவான தங்கச்சி மாதிரி இருக்கும். மூன்று நாளில் மறைந்துவிடும். பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது. வேப்பிலை செருகுவார்கள், வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்துகொள்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முழுகாமல் இருக்கும் பெண் உள்ள வீட்டில், நேர்ச்சையோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் சேரட்டும்.

இந்தச் சாது நோயின் மறுமுகம் தெரிய வந்தது 1941இல், ஆஸ்திரேலியாவில். சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பவரிடம், பிறவியிலேயே கண்ணில் புரை விழுந்த குழந்தைகள் திடீரென்று நிறைய வந்தார்கள். அவருடைய வரவேற்பறையில் காத்திருந்த தாய்மார்கள், கர்ப்பமாக இருந்தபோது வந்த ஜெர்மன் தட்டம்மை பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். முந்தைய ஆண்டு அங்கே ரூபெல்லா பெரிதாகப் பரவியிருந்தது. 78 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார். 68 தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில், பெரும்பாலும் தொடக்க மாதங்களில், அந்த நோய் வந்திருந்தது. அவர் எழுதியது கண்ணையும் இதயத்தையும் பற்றி. காது விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. பிறந்த குழந்தைக்குப் புரை விழுந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். காது கேட்காததை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? குழந்தை பேச வேண்டிய வயதில் பேசாமல் இருந்தபோதுதான் தெரிந்தது. இந்தத் தாமதம் இன்றைக்கும் நம் ஊரில் அப்படியே இருக்கிறது.

1964, 65இல் அமெரிக்காவில் ரூபெல்லா அலை அடித்தபோது ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் செவித்திறன் குறைந்தவர்கள். 1969இல் தடுப்பூசி வந்தது.

வாரக் கணக்கு இப்படிப் போகிறது. முதல் 12 வாரத்துக்குள் அம்மாவுக்கு ரூபெல்லா வந்தால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை. கண், இதயம், காது என்று பல இடங்களில் கைவைக்கலாம். 13இலிருந்து 16ஆவது வாரத்துக்குள் வந்தால் பல நேரம் காது மட்டும் போகும். கண் பளிச்சென்று இருக்கும், பால் நன்றாகக் குடிக்கும், எடை ஏறும். யாருக்கும் சந்தேகமே வராது. 20 வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு.

நம் வளைகாப்பை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஏழாம் மாதம் கை நிறைய வளையல் அடுக்கிவிட்டு, அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அது சரிதான். ஏழாம் மாதத்தில் குழந்தை சத்தத்துக்கு அசையத் தொடங்கியிருக்கும். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே வைரஸ் உள்ளே போயிருந்தால், வளையல் குலுங்கும்போது அங்கே கேட்பதற்குக் காது தயாராக இல்லாமல் போகலாம். என் தங்கச்சிக்கும் எல்லாருமாகச் சேர்ந்துதான் வளையல் போட்டோம்.

தடுப்பூசிக்கு வருவோம். இந்தியாவில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.ஆர். ஊசி, 2017 பிப்ரவரியில் பெரிய முகாமாகத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் கேரளம். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் வரை பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் கண்டபடி வதந்தி ஓடியதும், ஊசி போடும் நாளன்று பிள்ளையை லீவு போட வைத்த பெற்றோர்கள் இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இப்போது ஒன்பதாவது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று என்று வழக்கமான அட்டவணையிலேயே வந்துவிட்டது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2017இல் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தவர்கள், அதாவது ஏறக்குறைய 2002க்கு முன்னால் பிறந்தவர்கள், அந்த முகாமில் வரமாட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் எம்.எம்.ஆர். (இந்த இரண்டோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த ஊசி) போட்டிருந்தால் சரி. இல்லையென்றால் சிறு வயதில் நோயே வந்து போயிருக்க வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் பாதுகாப்பே இல்லாமல் இருக்கிறார்கள். இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் அவர்கள் நிறையப் பேர். ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம். இல்லை என்றால், கல்யாணத்துக்கு முன்போ, அடுத்த பிள்ளைக்கு முன்போ ஊசி போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட வைரஸ் இருக்கும் ஊசி என்பதால் கர்ப்பமாக இருக்கும்போது போட மாட்டார்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஜாதகம் பார்க்க எத்தனை நடை நடக்கிறோம், இதற்கு ஒரு நடை போதும்.

ரூபெல்லாவுக்காவது ஊசி இருக்கிறது. அடுத்தவருக்கு அதுவும் கிடையாது. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் நம் எல்லோர் வீட்டிலும் இருப்பவர். இந்தியாவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எப்போதோ வந்து போயிருக்கும். போயிருக்கும் என்பதும் தவறு. ஒருமுறை வந்தால் உடம்பிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் அது மறுபடி எழுந்துகொள்ளலாம், அல்லது வேறு ரகம் ஒன்று புதிதாகத் தொற்றலாம். அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அதிகம் போனால் நாலு நாள் அசதி. கர்ப்பத்தில் அசதி இல்லாதவர் யார்?

உலக அளவில் பிறவிச் செவித்திறன் குறைவுக்கு, மரபணுவை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் காரணம் இதுதான். சி.எம்.வி.யோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிறக்கும்போது பார்க்க முழு ஆரோக்கியமாக இருப்பார்கள். அந்த ஒன்பது பேரிலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குக் காது பாதிக்கும். பிறந்தவுடன் இல்லாமல், ஆறு மாதத்திலோ இரண்டு வயதிலோ மெல்ல மெல்லக் குறையலாம். பிறந்தபோது காது நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால், அவள் ஏதோ உளறுகிறாள் என்று தள்ளிவிடக் கூடாது.

இது பரவுவது சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும். அடுத்தவர் எச்சில் என்றால் டம்ளரைத் தூக்கிக் குடிக்கும் நாம், பெற்ற பிள்ளையின் எச்சிலை எச்சிலாகவே நினைப்பதில்லை. தட்டில் மிச்சம் வைத்த சோற்றை அம்மாதான் வழித்துப் போட்டுக்கொள்வாள். அங்கன்வாடிக்குப் போகும் மூத்த பிள்ளை, வயிற்றில் இரண்டாவது என்று இருப்பவர்கள் இந்த ஒன்பது மாதம் மட்டும் அந்த மிச்சத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாம். ஈரத் துணி மாற்றிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவலாம். வாயில் முத்தம் கொடுக்காமல் நெற்றியில் கொடுக்கலாம். இதனால் ஆபத்து முழுதாகப் போய்விடாது, குறையும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. சி.எம்.வி. வயிற்றிலிருக்கும்போதே தொற்றியதா என்று உறுதி செய்ய, பிறந்த 21 நாட்களுக்குள் குழந்தையின் எச்சிலையோ சிறுநீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் கிடைத்தாலும், பிறந்த பின் தொற்றியதாக இருக்கலாம். தாய்ப்பால் வழியாகக் கூட வரும். (அப்படி வருவது நிறை மாதத்தில் பிறந்த குழந்தையைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பாலை நிறுத்தி வேறு வினையைத் தேடிக்கொள்ள வேண்டாம்.) பிறக்கும்போதே நோய்க்குறிகள் தெரிந்த குழந்தைகளுக்கு, முதல் மாதத்துக்குள் தொடங்கினால் வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தை ஆறு மாதம் கொடுத்துக் காதை ஓரளவு காப்பாற்றப் பார்ப்பார்கள். ரூபெல்லாவும் அப்படித்தான், குழந்தைக்கு முதல் சில மாதங்களில் பார்த்தால்தான் ரத்தத்தில் தெளிவாகத் தெரியும். இரண்டரை வயதில் போய் நின்றால், வைரஸ் வந்த தடம் அழிந்திருக்கும். தங்கச்சி பையனுக்கு நடந்தது அதுதான்.

டார்ச் டெஸ்ட் என்று ஒன்றைப் பலர் எடுத்துக்கொண்டு வந்து பயந்து நிற்பார்கள். ரூபெல்லா, சி.எம்.வி., ஹெர்ப்பிஸ், டாக்ஸோபிளாஸ்மா ஆகியவற்றுக்குச் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. அதில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போனது அல்லது ஊசி போட்டது என்று பொருள். ரூபெல்லாவைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ் என்றால் அண்மையில் வந்திருக்கலாம், பொய்யாகவும் காட்டலாம். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுத்துவிடக் கூடாது, மறு பரிசோதனை வேண்டும். ஜிகா வைரஸ் பற்றியும் கேட்பார்கள். 2021இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அது தென்பட்டபோது எல்லைச் சோதனைச் சாவடிகள் பரபரப்பானது உண்மை. கர்ப்பத்தில் வந்தால் முதலில் பாதிப்பது மூளையை. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குக் காதும் குறையும். கொசுக்கடி படாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வழி.

குழந்தை பிறந்தாயிற்று. காது கேட்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நம் வீட்டு முறை தெரியும். அம்மாச்சி தாம்பாளத்தை எடுத்துப் பின்னால் போய்த் தட்டுவாள். குழந்தை திரும்பும். "பாரு, நல்லாத்தான் கேக்குது. இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், அதெல்லாம் தானாப் பேசிருவான்" என்பாள். எங்கள் வீட்டிலும் அந்தத் தாம்பாளத்தால் ஒரு வருடம் போனது. தரையில் வரும் அதிர்வுக்குத் திரும்பலாம், நிழலுக்குத் திரும்பலாம். தாம்பாளச் சத்தம் கேட்கும் காதுக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமலும் இருக்கலாம். பேச்சுக்கு அந்த மெல்லிய ஒலிகள்தான் தேவை.

ஆஸ்பத்திரியில் செய்வது ஓஏஈ என்ற சோதனை. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மின்விசிறியை நிறுத்தினார்கள், செல்போனை அணைக்கச் சொன்னார்கள். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. உளுந்து வடை ஓட்டையில் விரல் விடுவது போல, மெத்தென்ற ஒரு சிறு முனையைக் காதில் பொருத்தினார் அந்தப் பெண். டிக் டிக் என்று மெல்லிய ஒலி போகும். ஆரோக்கியமான உள்காது கேட்பதோடு நிற்காமல், தானும் ஒரு மிக மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர் கண்டு சொன்ன விஷயம் இது. அந்த எதிரொலியை மைக் பிடித்துவிட்டால் திரையில் 'பாஸ்'. இல்லையென்றால் 'ரெஃபர்'. ஒரு காதுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. குழந்தை விழிக்கவும் இல்லை.

ரெஃபர் என்று வந்தவுடன் அழ வேண்டியதில்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் பிரசவத்து மாவும் நீரும் அடைத்திருக்கும், அதனாலும் அப்படி வரும். சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் வந்தால் பெரா என்ற சோதனை. தலையில் சிறு ஒட்டுகள் வைத்து, சத்தம் நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவியோ பயிற்சியோ தொடங்கியிருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. பேச்சைப் பிடித்துக்கொள்ளும் மூளையின் பகுதி முதல் மூன்று வருடம்தான் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கும்.

பாஸ் ஆனவர்களுக்கும் ஒரு சொல். கர்ப்பத்தில் காய்ச்சலோ பொரியோ வந்திருந்தால், அல்லது சி.எம்.வி. உறுதியாகியிருந்தால், பிறந்த அன்று வந்த பாஸோடு விட்டுவிடாமல், பள்ளிக்கூடம் போகும் வரை அவ்வப்போது காதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல். வேலையும் வாடகை வீடும் கேரளத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அங்கே ஆஷா சேச்சி (வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்) எழுதியது இங்கே நர்ஸம்மாவுக்குத் தெரியாது. ரெஃபர் என்று வந்த குழந்தை மூன்றாம் மாதம் மலையேறிவிடும். மறு சோதனை மலையடிவாரத்திலேயே நின்றுபோகும். அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவிக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆறு வயதுக்குள். கேரளத்தில் ஸ்ருதிதரங்கம். எந்தப் பக்கத்து முகவரியோ அந்தப் பக்கத்துத் திட்டம் என்பதால், எந்தப் பக்கம் தொடர்ந்து பார்ப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இந்தத் திட்டங்களை விட இரண்டு மாநிலமும் ஒரே அட்டையைப் படிக்க ஒரு வழி செய்தால் அதிகப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பிறவிச் செவித்திறன் குறைவுக்கு வைரஸ் மட்டும் காரணமல்ல. பாதிக்குப் பக்கம் மரபணு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அது கூடுதல். குறைமாதம், கடும் மஞ்சள் காமாலை என்றும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு அத்தை, "கிரகணத்தன்னைக்கு வெளிய போனாள்ல" என்று ஆரம்பித்தாள். கிரகணத்துக்கும் காதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் தும்மியது இவள் குற்றமும் இல்லை.

பையனுக்கு இப்போது ஆறு வயது. மூன்று வயதில் கருவி வைத்து, தேனிக்கும் வீட்டுக்குமாக அலைந்து பேச்சுப் பயிற்சி எடுத்து, கொஞ்சம் மழலையோடு பேசுகிறான். ஜீப் ஏறினால் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறான், இரைச்சல் தாங்கவில்லையாம். அவன் அம்மா இரண்டாவது பிள்ளைக்கு முன்பே ரத்தம் பார்த்தாள், ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆனாலும் அந்தக் கர்ப்பம் முழுக்க, தாய் சேய் அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தாள். 'ஆவணி 6, காய்ச்சல் 2 நாள், பொரி இல்லை.' 'ஐப்பசி 19, சளி மட்டும்.' குமுளிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மலையாளத்து சிஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. இவள் ஒவ்வொரு வரியாக வாசிக்க வாசிக்க, அவர் தன் நோட்டில் மலையாளத்தில் எழுதிக்கொண்டாராம்.